ஊர்க்காரன் விற்ற வெள்ளை அம்பாசடர்

என் வீட்டுக்காரர் பாதி ஆயுசு வண்டி ஓட்டியவர். ஆனால் ஸ்டீயரிங் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் ஓட்டியது தங்கச் சுரங்கத்துக்குள்ளே பாட்டரி இஞ்சின். தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் இஞ்சினும் வளையும். இவர் அதன் மேல் உட்கார்ந்திருந்தால் போதும்.

மைன்ஸில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தபோது மற்றவர்களைப் போல இவரும் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீடு மொத்தமே ஒன்றரை அறை. அதில் வேலையில்லாத ஒரு ஆம்பிளையை எங்கே வைப்பது? சங்கு ஊதினால் திடுக்கென்று எழுந்து பூட்ஸை மாட்டுவார். அப்புறம் ஞாபகம் வந்து கழற்றுவார். நான் குழம்பு கொதிக்க விட்டால் பக்கத்தில் வந்து நின்று, "உப்பு போட்டியா?" என்பார். போட்டேன் என்றால், "எவ்ளோ போட்டே?" என்பார்.

"உங்களத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி நானே போய் மேனேஜர் கால்ல விழட்டா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன கேலி செய்தாலும் பதிலுக்கு ஒன்று எடுத்து வீசுகிற மனுஷன், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவரோடு வெளியே வந்தவர்களில் சிலர் அப்படி உட்கார்ந்தவர்கள்தான், எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் ஒருநாள் அவராகவே சொன்னார்: ஒரு பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டப் போகிறாராம். அது நல்ல யோசனைதான். எங்கள் லைனில் யாருக்காவது வலி கண்டால், கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடித்தான் டாக்சி பிடிக்க வேண்டும். டாக்சிக்காரன் வருவதற்குள் பிள்ளை பிறந்து பெயரும் வைத்துவிடலாம்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். நேர் ரோட்டில் ராஜா மாதிரி ஓட்டுவாராம். வளைவு வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி தானாகத் திரும்பும் என்று காத்திருப்பாராம். பழக்க தோஷம். சொல்லிக் கொடுத்த பையன் அலறிய அலறல் பஜார் வரைக்கும் கேட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். எப்படியோ லைசென்ஸ் வாங்கிவிட்டார். கார் வேண்டும், கார் வேண்டும் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வைத்தார்.

காரே வீட்டு வாசலுக்கு வந்தது.

வெள்ளை அம்பாசடர். அதிலிருந்து இறங்கியவனுக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. செருப்பை வாசலுக்கு ரொம்பத் தள்ளிக் கழற்றினான். எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. என் மருமகனே செருப்போடு அடுப்பு வரைக்கும் வருகிறவன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புது ஆள் யார் வந்தாலும் நாங்கள் முதலில் பேரைக் கேட்க மாட்டோம். "எந்த ஊரு?" என்றுதான் கேட்போம். நாங்கள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தங்க வயலில்தான், ஆனால் அது ஊர் என்று கணக்கில் வராது. ஊர் என்றால் தாத்தாவோ அவருடைய அப்பாவோ மூட்டையைக் கட்டிக்கொண்டு சுரங்க வேலைக்குக் கிளம்பி வந்த, அந்த வட ஆற்காட்டுக் கிராமம். எங்களில் பாதிப்பேர் அதைப் பார்த்ததே கிடையாது. பார்க்காததால்தான் அதன் மேல் அவ்வளவு பாசமோ என்னவோ.

"எந்த ஊருப்பா?" என்றார் இவர்.

"குடியாத்தம் பக்கம்ணா."

வந்தவன் தானாகச் சொன்னது அவ்வளவுதான். மற்றதை எல்லாம் என் வீட்டுக்காரரே சொன்னார்.

"குடியாத்தம் பக்கம்னா... ஏரி கீதே, அந்த ஊரா?"

"ஆமாண்ணா. ஏரிதான்."

"கரை மேல மாரியாத்தா கோயிலு?"

"நம்ம ஆத்தாதாண்ணா," என்று கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இவர் எழுந்தே நின்றுவிட்டார். "கோயிலாண்ட ரெட்டப் பனைமரம் இன்னும் கீதா? எங்க தாத்தா சொல்லிக்கினே இருப்பாரு!"

அவன் கொஞ்சம் யோசித்தான். தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணுதாண்ணா கீது. இன்னொண்ணு போன மழைல சாஞ்சிடுச்சி."

"அடக் கடவுளே!" என்று இவர் உட்கார்ந்துவிட்டார். பெற்ற தகப்பன் செத்த சேதி வந்தபோதுகூட அந்த முகம் அப்படி ஆகவில்லை.

சும்மா இருப்பேனா? நானும் என் பங்குக்குக் கேட்டேன். "பொண்டாட்டி எந்த ஊரு தம்பி?"

"அத்த பொண்ணுதாம்மா."

எந்த ஊர் என்று கேட்டதற்கு அது பதிலே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு அது தோன்றவில்லை. சொந்தத்திலேயே கட்டியிருக்கிறான், நல்ல பிள்ளை என்று அவன் தட்டில் இன்னொரு வடையை வைத்தேன்.

காரை நாலு தட்டு தட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தார். வளைவில் திருப்பவும் செய்தார். வண்டி புக் அண்ணனிடம் இருக்கிறது, பேர் மாற்ற வரும்போது கொண்டுவருகிறேன் என்றான் அவன். நான் இவரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"புக்கப் பாத்துட்டு துட்டு குடுக்கலாமே?"

"ஊர்க்காரங்கிட்ட போய்ப் பேப்பரு கேக்கறதா? அவன் இன்னா நெனப்பான்? ஊருக்குப் போய் நாலு பேராண்ட சொன்னா நம்ம மானம் இன்னா ஆவறது?"

பார்க்காத ஊரில் இருக்கிற, தெரியாத நாலு பேருக்காக என் வீட்டுக்காரர் மானத்தைக் காப்பாற்றினார். மைன்ஸ் கொடுத்த பணத்தில் பெரும்பாதி அன்றைக்கே போயிற்று. அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனான். பாவம், காரை விற்றுவிட்டு நடந்து போகிறானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் காரைக் கழுவும் வேலை எனக்கு. அன்றைக்கு எனக்குப் பிடித்த பைத்தியம் அதற்கப்புறம் விடவில்லை. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற மாதிரி அல்லவா பழைய கார் என்பது! கதவு ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன். வெள்ளைக்கு அடியில் நீலம். பின்சீட்டில் இடது பக்கம் மட்டும் குழியாக அமுங்கிக் கிடந்தது. சீட்டு இடுக்கில் கைவிட்டால் உளுத்தம்பருப்பு. காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கினால் சுண்ணாம்பு மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். புளித்த மாவு.

"ஏங்க, இந்தக் காரு ஒரு குண்டம்மாளோடது," என்றேன். "பணக்காரி. தெனம் எடது பக்கமாத்தான் உக்காருவா. காருக்குள்ளயே இட்லி துன்னுவா. நீலக் கலருன்னா உயிரு. புருஷனுக்குப் புடிக்கல, வெள்ள அடிச்சிட்டான்."

"காரக் கழுவச் சொன்னா குறி சொல்றியா? அவன் வண்டி அது. அவன் பொண்டாட்டி துன்னிருப்பா."

"அந்த ஒல்லிப் பையன் பொண்டாட்டி இவ்ளோ குண்டாவா இருப்பா?"

"இருந்தா இன்னா? உன் புருஷன் ஒல்லி, நீ இல்லியா?"

பதில் வந்துவிட்டது! மாதக்கணக்காக வராத பதில். நான் கோபம் வந்த மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தேன்.

அந்தக் காரில் ஒரு குறை மட்டும் தீரவில்லை. டிக்கி திறக்காது. சாவி போட்டாலும் திறக்காது, கும்பிட்டாலும் திறக்காது. நாலு உதை விட்டால் ஒரு தரம் திறக்கும். மற்றதை எல்லாம் இவரே கழற்றி மாட்டிச் சரிசெய்துவிட்டார், வண்டி நன்றாகத்தான் ஓடியது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், துக்கத்துக்குக் கூப்பிட்டார்கள், வலி கண்டால் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். என் அடுப்படியில் உப்பு பார்க்க ஆளில்லை. புக் மட்டும் வரவில்லை. அறுவடை நேரம், அதான் வரலை என்று இவரே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒருநாள் பகலில் பக்கத்து வீட்டு மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது. அவளையும் அவள் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, நானும் ஏறிக்கொண்டு, கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர்கள் இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு டிக்கியைத் திறக்க வந்தால், அது திறக்கவில்லை. பிள்ளைத் துணி, ஃபிளாஸ்க் எல்லாம் அதற்குள்ளே. உள்ளேயிருந்து அந்த மாமியார் கத்துகிறாள். இவர் ஒரு உதை விட்டார். இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கினார்.

"ஒதிபேடி! ஒதிபேடி!" என்று ஒரு குரல். உதைக்காதீர்கள் என்று கன்னடத்தில். ஒல்லியாக, கூன் போட்ட ஒரு ஆள், கையில் மாத்திரைக் கவரோடு ஓடி வந்தார். இவரை ஒதுக்கிவிட்டு, முழங்காலால் டிக்கிக்குக் கீழே ஒரு ஓரத்தில் மெதுவாக ஒரு இடி, உள்ளங்கையால் மேலே ஒரு தட்டு. டிக்கி வாயைப் பிளந்தது.

நான் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஓடிக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். அந்த வித்தையைப் பார்க்காமல் விட எனக்கு மனசில்லை.

"எப்டிங்க தொறந்தீங்க?" என்று இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் இவரை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார். நான் சுரண்டி வைத்திருந்த நீலத்தைத் தடவினார். குனிந்து சக்கரத்துக்கு மேலே எதையோ பார்த்தார். பிறகு தமிழில், ரொம்ப மரியாதையாக, "இது எங்க வண்டிங்க," என்றார். "கடை வாசல்ல நின்னது. காணாமப் போச்சு."

இவர் சிரித்தார். "இது எங்க ஊர்க்காரன் வண்டிங்க."

"எந்த ஊரு?" என்றார் அந்த ஆள்.

"குடியாத்தம் பக்கம்..." என்று இவர் இழுத்தார்.

போலீஸ் வருகிற வரைக்கும் மூன்று பேரும் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்றோம். இவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அந்த ஆள் காரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு கேள்வி நெஞ்சுக்குள்ளே குடைந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் கேட்கலாமா என்றால் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

"ஏங்க, உங்க வீட்டம்மா கொஞ்சம் பூசினாப்பல இருப்பாங்களா?"

"இல்லியே. என்னவிட ஒல்லி. ஏன்?"

"எடது பக்கம் சீட்டு அமுங்கியிருக்குதே?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "அது கல்லும்மா. எனக்கு கிரைண்டர் கடை. மாவாட்டற கல்ல அந்தப் பக்கம்தான் வைப்போம். வாங்கறவங்க வீட்ல உளுந்து போட்டு ஆட்டியும் காட்டணும்."

இத்தனை நாளாகப் பட்டுப்புடவை கட்டி, மூக்குத்தி போட்டு என் மனசுக்குள்ளே உட்காரவைத்திருந்த குண்டம்மாள், ஒரு நிமிஷத்தில் கிரைண்டர் கல்லாகிவிட்டாள்.

கார் ஸ்டேஷனுக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். விற்றவன் பேரென்ன? இவர் ஒரு பேர் சொன்னார். அப்பா பேர்? தெரியாது. வீடு? ஏரிக்கரை.

"யாவ ஏரி?" என்றார் இன்ஸ்பெக்டர், எந்த ஏரி என்று.

கோர்ட்டு சொன்னால் வண்டி சொந்தக்காரருக்குப் போய்விடும், விற்றவனைப் பிடித்தால்தான் உங்கள் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் இவர் மறுபடி அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது.

"எழுந்திருங்க," என்றேன். "ஊருக்குப் போய் அவனப் புடிக்கலாம்."

"நம்ம ஊர்க்காரன் திருடமாட்டான்டி. அவனையும் எவனாவது ஏமாத்திருப்பான்."

"அப்போ அவனாண்டயே போய்க் கேக்கலாம். வாங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு ஊரையும் பார்க்க வேண்டும்போல இருந்தது. வி.கோட்டா வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். தாத்தா சொன்ன அடையாளத்தை விசாரித்து விசாரித்து, கடைசியில் புளியமரத்தடியில் ஒரு டீக்கடையில் இறங்கினோம். ஏரி இருந்தது. கரை மேல் கோயில் தெரிந்தது. இவருக்கு மூச்சு வாங்கியது.

"நாங்க இந்த ஊருதான்," என்றார் டீக்கடைக்காரரிடம்.

"நான் பாத்ததில்லியே?"

"தாத்தா காலத்துல போயிட்டோம். தங்க வயலு."

"ஓ, தங்க வயலா! அப்பப்போ வருவாங்க. எந்த வூடுன்னு கேட்டா தெரியாதும்பாங்க. டீய குடிச்சிட்டு மண்ணக் கொஞ்சம் முடிஞ்சிக்கினு போவாங்க. உங்களுக்கு டீயா, மண்ணா?"

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. "ரெண்டும் இல்ல, காரு," என்றேன். கதையைச் சொன்னேன். கடையில் இருந்த எல்லாரும் எழுந்து கிட்டே வந்து கேட்டார்கள். வெள்ளைச் சட்டை, விபூதி, படிய வாரிய தலை. யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பேரில் ஊரில் ஒரு ஆள் உண்டாம், எழுபது வயதாம், கண் தெரியாதாம்.

"பட்டப்பேர் வேற இருக்கும்," என்று இவர் விடவில்லை. "வெளியூர்ல வேலைக்கு இருப்பான். எப்பவாவது வருவான். இல்லாட்டி கோயிலப் பத்தி அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அவனுக்கு எங்கங்க தெரியும்? நீங்கதானே சொன்னீங்க!"

கேட்காத மாதிரி கரை மேல் ஏறிப் போனார். நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன். கோயிலுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனைமரம் இரண்டு நின்றது. இரண்டும் நெட்டுக்குத்தாக, காய்த்துக் குலுங்கிக்கொண்டு.

"சாயல," என்றார்.

"ம்."

"ரெண்டும் கீதுடி."

"பாத்தேன்."

பிறகு, "திருட்டுப் பய," என்றார். அன்றைக்குத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. புக் வராததில் வரவில்லை, போலீஸ் சொன்னதில் வரவில்லை. பனைமரம் நின்றதில் வந்தது. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. இரண்டு மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவன் எங்கே போனான், நிஜமாகவே எந்த ஊர்க்காரன், எத்தனை பேரிடம் எத்தனை மரத்தைச் சாய்த்தான் என்று நான் இன்றைக்கும் யோசிப்பது உண்டு.

வீட்டுக்கு வந்தோம். கோர்ட்டு காரைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டது என்று சேதி வந்தது. இவர் மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அதற்குள் ஒருநாள் வாசலில் கார் சத்தம். அதே கார். உள்ளேயிருந்து இறங்கியது கிரைண்டர் கடைக்காரர். ஓட்டி வந்தது யாரோ இரவல் ஆள்.

காப்பி கொடுத்தேன். வடை கொடுக்கவில்லை. எனக்கும் புத்தி வரும்.

"வண்டிக்கு இன்னா பண்ணீங்க?" என்று அவர் இவரைக் கேட்டார். "முன்னாடி செகண்ட் கியர் விழாது. இப்போ வெண்ணெய் மாதிரி விழுது."

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே என்ன என்ன செய்தார் என்று சொன்னார். சொல்லச் சொல்ல முகம் திரும்பியது. அந்தக் கடைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டு, "என் ட்ரைவர் பெங்களூருக்குப் போயிட்டான். நீங்களே வந்து ஓட்டுங்களேன். மாசச் சம்பளம்," என்றார்.

இவர் விறைத்துவிட்டார். "யோசிச்சி சொல்றேன்," என்றார். கார் போனதும் என் மேல் பாய்ந்தார்.

"நான் துட்டு குடுத்து வாங்கின வண்டில நானே கூலிக்கு ஓட்டணுமா?"

"அது உங்க வண்டி இல்லங்க."

"தெரியும்டி."

"மைன்ஸ்ல ஓட்டினீங்களே இஞ்சினு, அது எங்கப்பா போட்ட சீதனமா?"

என்னை முறைத்தார். சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்றார். குறைச்சல்தான், வேண்டுமென்றே குறைத்தேன். ஒரு வாரம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலையில் பார்க்கிறேன், சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "டிபன் பாக்ஸு எங்க?" என்றார். நான் கட்டிக் கொடுத்தேன். கோலார் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கடைசி டெலிவரி ஆண்டர்சன்பேட்டை பக்கம் இருந்தால், வண்டியை வீட்டுக்கே கொண்டுபோங்கள், காலையில் வந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அப்படி முதல் தடவை வாசலில் கார் நின்ற சாயங்காலம், பக்கத்து வீட்டுக்காரி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"யக்கா, காரு திரும்பி வந்துடுச்சா?"

"வந்துடுச்சி."

"ஆத்தாதான் காப்பாத்தினா!" என்று அவள் லைன் முழுக்கச் சொல்லப் போய்விட்டாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இவர் தலையை நீட்டினார். "இன்னாடி, பொய் சொல்றே?"

"காரு வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சி."

"அப்புறம் இன்னா?"

அவர் குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். காலையில் முளபாகலுக்குக் கல் ஏற்ற வேண்டும், ஆறு மணிக்கே இட்லி ஆகியிருக்க வேண்டும், சொல்லிவிட்டேன் என்றார்.